மறு: டேப் லூப் என்பதற்கு "நாடா வளையம்" சரிதானா?

> வளையம் போதுமே? பார்வைக்கும் வட்டமாகத்தானே இருக்கிறது?

நம் கட்டுரையில் வரும் டேப் லூப், ஒரே ஒலி திரும்பத் திரும்ப வரும்படி முனையோடு முனை ஒட்டி ஓடவிடும் ஒலிப்பதிவு நாடாத் துண்டு. அது வட்டமாக இருப்பதே இல்லை நண்பரே. விநாடிக்கு 38 செ.மீ. ஓடும் நாடாவில் நான்கு விநாடி ஒலிக்கு 152 செ.மீ. வேண்டும். ரெக்கார்டருக்குள் அடங்காது. வெளியே இழுத்து மைக் ஸ்டாண்டில் மாட்டி, துவளாமல் நிறுத்த வேண்டும். அந்தக் கோணல்மாணலில் வளையம் எங்கே?

லூப்பை லூப் ஆக்குவது ஒட்டுதான். இரு முனைகளையும் 45 பாகை சாய்வாக வெட்டிச் சேர்த்து, முதுகுப்பக்கம் ஸ்ப்ளைசிங் டேப் ஒட்டுவார்கள். நேராக வெட்டினால், நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட்டை ஒட்டு கடக்கும்போதெல்லாம் 'டிக்' என்று கேட்கும். பிளேடில் காந்தம் ஏறியிருந்தாலும் அப்படித்தான். சாதா செல்லோடேப் என்றால் பசை கசிந்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும்.

ஈற்றை முதலோடு சேர்ப்பதற்கு நம் யாப்பில் பெயர் இருக்கிறது: மண்டலித்தல். அபிராமி அந்தாதி "உதிக்கின்ற" என்று தொடங்கி, நூறாம் பாட்டில் "உதிக்கின்றனவே" என்று முடிந்து தொடக்கத்தைத் தொடுகிறதே, அதுதான்.

நாம் எழுதுவது 'திஸ் ஹீட்' இசைக்குழுவின் முதல் ஆல்பத்தைப் பற்றி. பங்க் ராக் இசை கொதித்துக்கொண்டிருந்த லண்டனில் 1976 முதல் 1978 வரை பதிவாகி, 1979இல் வந்தது. அதன் '24 ட்ராக் லூப்' பாட்டில் மண்டலித்த தாளம் ஒன்றே ஓடுகிறது. மிக்ஸிங் மேசையில் ஒலித்தடங்களின் அளவை ஏற்றி இறக்கியும், சுருதியை மாற்றும் ஹார்மனைசர் வழியே விட்டும், ஒவ்வொரு சுற்றையும் வேறாக்கிவிட்டார்கள். இதை எழுத வினைச்சொல் கட்டாயம் வேண்டும். 'வளையம்' அதைத் தராது.

> வினை பிடித்திருக்கிறது. பெயருக்கு "மண்டலி" என்று வைக்கலாமா? "மடக்கு" இன்னும் எளிதாயிற்றே?

மண்டலி என்றால் பஜனை மண்டலி நினைவு வரும். பாம்புக்கும் அந்தப் பெயர் உண்டு. மடக்கு கணினி நிரலுக்குப் பொருந்தலாம், நாடாவுக்கு ஆபத்து. வாசகர் அதை மடிப்பதாகவே எடுத்துக்கொள்வார். நாடா மடிந்தால் காந்தப் பூச்சில் கோடு விழுந்து, அந்த இடத்தில் ஒலி சட்டென்று அமுங்கும். லூப்பில் அந்தக் குறை நான்கு விநாடிக்கொரு முறை திரும்பத் திரும்ப வரும்.

டேப் லூப்: மண்டலிப்பு நாடா. வினை: மண்டலி. கட்டுரையில் முதல் இடத்தில் மட்டும் "முனையோடு முனை ஒட்டிய நாடா" என்று விளக்கம் சேர்த்துவிடுங்கள்.