சிலைக்கு ஆகிற மார்பிள் அடுப்பு மேடைக்கு ஆகாதா?

புதுமனை:
அடுப்பு மேடைக்கு வெள்ளை மார்பிள்தான் வேணும்னு வீட்ல ஒரே பிடிவாதம். மேஸ்திரியோ கிரானைட்டைத் தவிர வேற பேச்சே எடுக்க மாட்டேங்கிறார். மைக்கேலாஞ்சலோ 1504ல முடிச்ச டேவிட் சிலை இன்னும் நிக்குதே, அதே கல் மேடையில தாங்காதா? சீலர் அடிச்சா போதாதா?

உளிக்காரன்:
தம்பி, மேஸ்திரி சொல்றதைக் கேளுங்க. ஆனா மார்பிளை மட்டமா நினைச்சிடாதீங்க. கல் செதுக்கிப் பிழைக்கிறவன் சொல்றேன், அது மிருதுவான கல்லுங்கிறதாலதான் நாங்க அதைத் தேடிப் போறோம்.

சுண்ணாம்புக்கல் பூமிக்குள்ள சூட்டுலயும் அழுத்தத்துலயும் மாறி கால்சைட்ங்கிற கனிமப் படிகமா இறுகினா அதான் மார்பிள். கனிமத்தோட கடினத்தை 1லிருந்து 10 வரைக்கும் சொல்ற மோஸ் அளவுல கால்சைட் 3. கிரானைட்ல இருக்கிற குவார்ட்ஸ்ங்கிற கனிமம் 7. சமையல் கத்தி பட்டாலே மார்பிள்ல கோடு விழும். ஆனா கண்ணிமை, நகக்கண் வரைக்கும் உளி போகணும்னா அந்தப் பதம்தான் வேணும். நல்ல பாளத்துல படிகம் எல்லாப் பக்கமும் பின்னிக் கிடக்கும், ஏடு ஏடா உரியாது. சுத்தியால தட்டினா கணீர்னு கேக்கும். பொத்துனு கேட்டா உள்ள விரிசல் ஓடுதுன்னு அர்த்தம், தொடவே மாட்டோம்.

அப்புறம் வெளிச்சம். வெள்ளை மார்பிள்ல விழுற ஒளி கொஞ்சம் உள்ள போய்ச் சிதறித்தான் திரும்பும். சிலையோட கன்னம் தோல் மாதிரி தெரியறது அதனாலதான். அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல 1963ல திறந்த பைனக்கி நூலகத்துச் சுவரே சுமார் 3 செ.மீ. மார்பிள் பலகைதான். வெயில் அது வழியா இளமஞ்சளா வடிகட்டி வரும், அரிய புத்தகங்களுக்குச் சேதாரம் இல்ல. கிரானைட்ல இந்த வித்தை நடக்காது.

இப்ப உங்க மேடை. எலுமிச்சை, வினிகர், தக்காளி எது சிந்தினாலும் அமிலம் கல்லையே கரைக்கும். பாலிஷ் செத்து தம்ளர் அடி அளவுக்கு மங்கலா ஒரு வட்டம் நிக்கும். கல்லு அரிச்ச இடம் அது, எவ்வளவு துடைச்சாலும் போகாது. சீலர் எண்ணெயும் மஞ்சளும் உள்ள இறங்காம தடுக்கும், அரிப்புக்கு அதால ஒண்ணும் ஆகாது. விக்கிறவங்க இதைச் சொல்லவே மாட்டாங்க.

டேவிட்டும் 1873 வரைக்கும்தான் வெளியில நின்னுது. அப்புறம் கூரைக்கடியில கொண்டுபோய் வச்சாச்சு.

புதுமனை:
ஐயா, விளக்கத்துக்கு நன்றி. அப்போ வாசல் முகப்புல மெல்லிசா ஒட்டலாமா?

வரைபடம்:
கட்டட வடிவமைப்பாளர் என்ற முறையில் சொல்கிறேன், யோசித்துச் செய்யுங்கள். ஹெல்சிங்கியில் ஆல்வார் ஆல்டோ வடிவமைத்து 1971ல் திறந்த ஃபின்லாந்தியா ஹாலுக்கு இத்தாலியின் கராரா மார்பிள் பலகைகள் போர்த்தினார்கள். எல்லாம் வளைந்துவிட்டன. 1990களின் கடைசியில் கழற்றிவிட்டு மறுபடி கராராவே போட்டார்கள், அதுவும் வளைந்தது! சூடேறும்போது கால்சைட் படிகம் ஒரு திசையில் விரியும், குறுக்குத் திசையில் லேசாகச் சுருங்கும். பக்கத்துப் பக்கத்துப் படிகங்கள் இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் பிடிப்பு தளர்ந்துபோகும். கனமான பாளம் தாங்கிக்கொள்ளும், மெல்லிய பலகைக்குத்தான் ஆபத்து. ஈரமும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

உளிக்காரன்:
சார் சொன்னது ரொம்பச் சரி. "பச்சை மார்பிள்"னு விக்கிறதுல நிறைய செர்பென்டைன், வேற கல். அதுல சில வகையை சிமென்ட் வச்சு ஒட்டினா ஈரத்துக்கே சுருண்டுக்கும், எபாக்ஸி பசைதான் போடணும்.

மார்பிள் இல்லாம முடியாதுன்னா சிங்க், அடுப்புப் பக்கம் கிரானைட் போட்டுட்டு, மாவு தேய்க்கிற ஓரத்துக்கு மட்டும் மார்பிள் போடுங்க. அதுவும் பளபளப்பு வேணாம், மேட் பினிஷ் கேளுங்க, அரிப்பு அவ்வளவா கண்ல படாது. முதல்ல ஒரு சாம்பிள் துண்டு வாங்கி, அரை எலுமிச்சம்பழத்தைக் கவுத்து ராத்திரி பூரா வைங்க. காலையில வீட்ல பார்த்துட்டு அவங்களே முடிவு பண்ணட்டும்.