தாத்தா கொடுத்த கல் கரைந்து போனது. பிள்ளைகளோடு கல் உருட்டியவர்கள் எழுதுங்கள்

பொங்கோல் அப்பா

கல்லை மெருகேற்றும் இயந்திரத்தை டம்ளர் என்று எழுதினால் காப்பி டம்ளர்தான் நினைவுக்கு வருகிறது. அதனால் உருட்டு இயந்திரம் என்றே எழுதுகிறேன். இந்தக் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்கு: பாரல் என்ற மூடிய உருளைக்குள் கல், தண்ணீர், கிரிட் என்ற அரைக்கும் தூள் போட்டு நாள்கணக்கில் சுழற்றினால் கல் தேய்ந்து மெருகேறும். கிரிட் எண் கூடக் கூடத் தூள் நயமாகும்.

இங்கே சிங்கப்பூரில் மகள் தொடக்கநிலை 3. ஜூன் விடுமுறையில் ஆரம்பித்தோம். முதல் கட்டம், 60/90 கிரிட், ஏழு நாள். இணையத்தில் வாங்கிய அகேட், ஜாஸ்பர் கற்களோடு தன்னுடைய கல் ஒன்றையும் போட்டாள். திருநெல்வேலிக்குப் போயிருந்தபோது தாமிரபரணிக் கரையில், குறுக்குத்துறையில் என் அப்பா தண்ணீருக்குள் குனிந்து எடுத்துக் கொடுத்த கல். வெள்ளையில் சாம்பல் வரி ஓடும். நெல்லிக்காய் அளவு இருக்கும். அப்பா இப்போது இல்லை.

ஏழாம் நாள் சனிக்கிழமை. வாளி மேல் சல்லடை வைத்துக் கொட்டினோம். நான் சேற்றைப் பழைய செய்தித்தாளில் ஊற்றி, பையில் கட்டி, குப்பைக் குழாயில் போட்டுவிட்டு வந்தேன். அவள் கழுவி எண்ணிக்கொண்டிருந்தாள். “23 போட்டோம்ப்பா, 22தான் இருக்கு.” பாரலுக்குள் கையை விட்டுத் துழாவினாள். முழங்கை வரை சாம்பல் நிறம். அது சுண்ணாம்புக்கல்லாக இருந்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. “தேஞ்சு கரைஞ்சு போச்சும்மா” என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். “அப்போ அந்தச் சேறுதானே தாத்தா கல்?”

ஈரக் கையோடு வாசல் வரை வந்து, தாழ்வாரத்துக் கோடியில் இருக்கும் குப்பைக் குழாயின் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. நாங்கள் இருப்பது பதினாறாவது மாடி. அந்த நிற்பு இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

படிகம்77

எங்கள் கதை சின்னது. கடைசிக் கட்டம் முடித்துத் திறந்தால் எல்லாக் கல்லிலும் மெல்லிய கீறல். முதல் கட்டத்துக் கிரிட் ஒரு கல்லின் குழியில் ஒட்டியிருந்திருக்கிறது. என் மகன் ஒரு மாதம் காத்திருந்தவன், ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டான்.

உங்கள் கல் விஷயத்துக்கு வருகிறேன். அகேட்டின் கடினம், 1 முதல் 10 வரையுள்ள மோஸ் அளவுகோலில் 6.5 முதல் 7 வரை. சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கால்சைட் 3. இரண்டையும் ஒரே பாரலில் போட்டால் அகேட்டே அரைக்கும் கல்லாகிவிடும். போடுவதற்கு முன் இரண்டு சோதனை செய்யுங்கள். எஃகுக் கத்தியால் ஓரத்தில் கீறிப் பாருங்கள், கீறல் விழுந்தால் அந்தக் கல் வேண்டாம். பிறகு வினிகர் ஒரு சொட்டு விடுங்கள், நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. வினிகரில் நுரை மெதுவாகத்தான் வரும், பொறுமையாகப் பாருங்கள்.

பாரலை மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் நிரப்புங்கள். பாதிதான் இருந்தால் கற்கள் வழுக்கி இறங்காமல் விழுந்து மோதி உடையும். கல் போதாவிட்டால் பீங்கான் மணிகள் சேர்க்கலாம். தண்ணீர் மேல் வரிசைக் கல்லுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். 60/90க்குப் பிறகு 120/220, அப்புறம் 500, கடைசியில் அலுமினியம் ஆக்சைடு. ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய ஒரு வாரம். முதல் கட்டத்தை மட்டும், “போதும்” என்று கல்லே சொல்லும் வரை ஓட்ட வேண்டும், இரண்டு மூன்று வாரம் ஆனாலும் சரி. கட்டம் மாறும்போது கல்லையும் பாரலையும் மூடியின் பள்ளத்தையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். நாங்கள் அதைத்தான் விட்டுவிட்டோம். கல்லை வீட்டில் உடைப்பதாக இருந்தால் நனைத்துத்தான் உடைக்க வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், பிள்ளையைத் தள்ளி நிறுத்துங்கள். படிகத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

உள்ளூர்க் கல் வேண்டுமென்றால் புக்கிட் தீமா பக்கம் கருங்கல் துண்டுகள் கிடக்கும்.

தெம்பனிஸ் கலா

77 அண்ணா, எல்லாம் சரிதான். ஆனால் அவர் கேட்டது இதுவா? கல் ஏன் கரைந்தது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இயந்திரத்தைத் துணி துவைக்கும் இடத்தில் வைத்திருந்தோம். இரவும் பகலும் ஓடும், நிறுத்தக் கூடாது என்று மகன் பிடிவாதம். நான்காம் நாள் காலை கீழ்வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) மேலே வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சண்டைக்கு வரவில்லை. உங்கள் வீட்டுக் குழாய் ஏதாவது ஒழுகுகிறதா என்று கேட்டார். இரவெல்லாம் மழைச் சத்தம் கேட்கிறதாம். மூன்று இரவும் எழுந்து போய், சன்னலுக்கு வெளியே கம்பில் காயப்போட்ட துணியை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்திருக்கிறார். காலையில் பார்த்தால் தரை காய்ந்திருக்கிறது. தனக்குத்தான் காதில் ஏதோ கோளாறு என்று பயந்துபோயிருக்கிறார்.

அந்தக் கம்புகள் எவ்வளவு கனம் என்று நம் எல்லாருக்கும் தெரியும். நடு இரவில் அந்த வயதில் தனியாக.

அன்றே இயந்திரத்தை பாம் ஷெல்டருக்கு (வீட்டுக்குள் இருக்கும் தடித்த சுவர் காப்பறை) மாற்றி, கீழே பழைய யோகா விரிப்பை நான்காக மடித்துப் போட்டோம். இரவு பத்து மணிக்கு நிறுத்தி, காலையில்தான் திரும்பப் போடுகிறோம். நிறுத்தினால் கெட்டுவிடாது, நாள்தான் கூடுதலாகும். மகன் முதன்முதலில் மெருகேறிய கல்லை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் அதை வாசல் செருப்பு அலமாரி மேல் வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு அந்தத் துணிக்கம்புதான் நினைவுக்கு வருகிறது.

உட்லண்ட்ஸ் 3 அறை

அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா அனுப்பிய இயந்திரம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. ஒரு அடாப்டரில் செருகி, ஆறு வயது மகனிடம் “நீ போடுடா” என்றேன். சுவிட்சைத் தட்டினான். ஒரு நிமிடம்கூட இல்லை, உறுமல், கருகல் வாடை, புகை. நான்தான் செருகியது. ஆனால் தான்தான் உடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டான். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இப்போதும் மின்விசிறி சுவிட்சுக்குக்கூட என்னைக் கூப்பிடுகிறான்.

அடாப்டர் செருகியின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும். டிரான்ஸ்பார்மர் போட்டாலும் அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மோட்டார் மெதுவாகச் சுற்றும், சூடேறும். பெட்டியில் 220-240 என்று போட்டிருப்பதையே வாங்குங்கள்.

ஜூரோங் ஆசிரியை

77 அவர்களுக்கு: புக்கிட் தீமா வனக் காப்பகத்தில் ஓர் இலையைக்கூட எடுக்கக் கூடாது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்லாதீர்கள். கருங்கல் இந்த வேலைக்கு நல்ல கல்லும் இல்லை. படிகம், பெல்ட்ஸ்பார், அப்பிரகம் மூன்றும் கலந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் தேயும், மேற்பரப்பில் குழி விழும்.

இதை நான் வேறு வழியில் தெரிந்துகொண்டேன். புலாவ் உபின் போயிருந்தோம். அந்தத் தீவுக் கருங்கல்லில்தான் 1851ல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் கட்டினார்கள், ஜொகூர் பாலத்துக்கும் அங்கிருந்து கல் போனது என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே போனேன். திரும்பும் படகில் மகன் காலணியைக் கழற்றினான். உள்ளே ஒரு கல். நாள் முழுக்க அதை மிதித்துக்கொண்டே நடந்திருக்கிறான், குதிகால் சிவந்திருந்தது. “நீங்கதானம்மா அவ்வளவு பெரிய கல்லுன்னு சொன்னீங்க, அதான்.”

அடுத்த வாரம் திரும்பப் போய் வைத்தோம். எடுத்த இடம் எது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு, “இது அதோட இடம் இல்லம்மா” என்றான். நான் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்த வாக்கியத்துக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை.

படிகம்77

நான் சொன்னது காப்பகத்துக்கு வெளியே, சாலையோரக் கால்வாயில் கிடந்த சல்லியை. ஆனாலும் அப்படி எழுதியது தவறு, ஒப்புக்கொள்கிறேன். செடி விற்கும் கடைகளில் கூழாங்கல் மூட்டையாகக் கிடைக்கிறது. அதில் வெள்ளைப் படிகக் கற்களாகப் பொறுக்கிக்கொள்ளலாம்.

பீடோக் தாத்தா

எனக்குச் சொந்த ஊர் காங்கேயம். மழை பெய்து ஓய்ந்தால் காட்டுக்குள் கல் தேடிப் போவோம். உழுத மண்ணை மழை கழுவிவிடும், வெயில் பட்டால் ஏதாவது மின்னும். பக்கத்தில் நொய்யல் கரையில் கொடுமணல். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லிலும் படிகத்திலும் மணி செய்த ஊர். துளை போடாத மணி, பாதி தேய்த்த மணி எல்லாம் அங்கே தோண்டி எடுத்திருக்கிறார்கள். கையாலேயே தேய்த்திருக்கிறார்கள்.

இதைப் பேத்திக்குச் சொல்லித்தான் இயந்திரம் வாங்கினோம். முதல் வாரச் சேற்றை நான் சமையலறைத் தொட்டியில் கொட்டினேன். யாரும் அதைச் செய்யாதீர்கள், குழாய்க்குள் படிந்து சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். மருமகன் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தரையில் உட்கார்ந்து குழாயைக் கழற்றினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேத்தி பக்கத்தில் குந்தி விளக்குப் பிடித்தாள். குழாயிலிருந்து உருளையாக வந்த சேற்றுக் கட்டியைக் கையில் வாங்கி, “தாத்தா, மறுபடியும் கல்லாயிடுச்சு பாருங்க” என்றாள். மருமகன் அப்போதுதான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

பொங்கோல் தம்பி, உங்கள் அப்பா இருந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு கல் எடுத்துக் கொடுத்திருப்பார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அதே படித்துறைக்குக் கூட்டிப் போங்கள்.

பொங்கோல் அப்பா

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி டிசம்பரில் போகிறோம். வினிகர் சொட்டை இனி அவளே விடட்டும், சின்னப் பாட்டில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

77 எழுதியதைப் படித்ததும் மூடியின் பள்ளத்தைப் போய்ப் பார்த்தேன். கழுவாமல்தான் விட்டிருந்தேன். ரப்பர் மடிப்புக்குள் சாம்பல் நிறமாக ஒரு கோடு காய்ந்து கிடந்தது. பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்தால் மகள் பின்னால் நிற்கிறாள். பல்குச்சி ஒன்றைக் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்து, அதை ஒரு வெள்ளைத் தாளில் சுரண்டி எடுத்தாள். அரை மணி நேரம் ஆனது. ஒரு சிட்டிகை தேறியிருக்கும். தாளை விபூதிப் பொட்டலம் மாதிரி மடித்துப் பென்சில் பெட்டியில் வைத்துக்கொண்டாள். அதில் எவ்வளவு கிரிட், எவ்வளவு அகேட், எவ்வளவு அந்தக் கல் என்று என்னால் சொல்ல முடியாது. அவளும் கேட்கவில்லை.