அடுக்கு என்றால் மேலே மட்டும்தானா?

(ஏடு, சூளை, மல்லி என்ற பெயர்களில் மூவர் பேசிக்கொள்கிறார்கள்.)

ஏடு: "அலமாரியில் புத்தகங்களை அடுக்கினான்" என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். பிழை. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால்தான் அடுக்கு. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் வரிசை. இதுகூடத் தெரியாமல் எழுத வந்துவிடுகிறார்கள்.

சூளை: ஐயா, செங்கல் சூளைக்குக் கல் அடுக்குவதைப் பார்த்ததுண்டா? பச்சைக்கல்லைக் குத்தாக நிறுத்துவார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் ஒரு விரற்கடை இடைவெளி. அடுத்த வரி குறுக்கே திரும்பும். அடியில் விறகு தள்ளத் தீவாய் விடவேண்டும். இடைவெளி இல்லாமல் ஒட்டி வைத்தால் அனல் மேலே ஏறாது. நடுக்கல் வேகாமல் நின்றுவிடும், தீவாயை ஒட்டிய கல் உருகி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். முதல் வரி தரையில்தான் நிற்கிறது. அதற்கும் பெயர் அடுக்குவதுதான்.

ஏடு: மேலே பல வரி ஏறுகிறதே, அதனால்தான் அடுக்கு. ஒன்றன்மேல் ஒன்று.

சூளை: சரி, குறளுக்கு வாருங்கள். 625இல் "அடுக்கி வரினும்". துன்பம் ஒன்றன்பின் ஒன்றாகத்தானே வருகிறது? 525இல் "அடுக்கிய சுற்றத்தால்". உறவினரை ஒருவர்மேல் ஒருவராகவா ஏற்றுவீர்கள்? நன்னூல், ஒரே சொல் இரண்டு, மூன்று, நான்கு முறை வரை அடுக்கும் என்கிறது. "பாம்பு பாம்பு" என்பதில் எது மேலே, எது கீழே?

மல்லி: அடுக்களையும் இதே வேர்தானே? பானை அடுக்கும் இடம்.

சூளை: இல்லையம்மா. அடு என்றால் சமை. அடுப்பும் அதிலிருந்து வந்ததுதான்.

மல்லி: அப்படியானால் "இந்த அநியாயம் அடுக்குமா"?

சூளை: அது இன்னொரு அடு, 'தகும்' என்ற பொருளில். எதிர்மறையில் வைத்தால் தெரிந்துவிடும். தகாத செயல் "அடாத செயல்". அடுக்கி வைக்காத பானை "அடுக்காத பானை".

ஏடு: செய்யுள் வேறு, உரைநடை வேறு. போன மாதம் பூ கோர்த்தான், கோத்தான் தகராறிலும் இப்படித்தான் ஊரைக் கூட்டினீர்கள்.

சூளை: கோத்தான்தான் சரி. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். வினை 'கோ'. நடுவில் ர் எங்கிருந்து வந்தது?

மல்லி: எல்லாரும் கோர்த்தான் என்றுதானே சொல்கிறோம்?

சூளை: எல்லாரும் சொல்வதுதான் சரி என்றால் "புத்தகம் அடுக்கினான்" என்றும் எல்லாரும்தான் சொல்கிறார்கள்!

ஏடு: சொல்லட்டும். அடுக்கு மல்லி, அடுக்குமாடி, அடுக்குச் சட்டி. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று.

சூளை: திரும்பத் திரும்ப அதே வரி. அடுக்கு பிறந்த அடு வேறு, அதற்கு நெருங்கு என்று பொருள். அடுத்த வீடு மாடியிலா இருக்கிறது? பக்கவாட்டில்தான். அடுக்கு என்றால் நெருங்கும்படி வை. அலமாரியில் நடுப் புத்தகத்தை உருவினால் பக்கத்துப் புத்தகம் சாய்கிறது. ஒன்றையொன்று தாங்கி நிற்கிறது, அதனால் அடுக்கு. டிக்கெட்டுக்கு நிற்பவர்களை யாரும் அடுக்கி நிற்கிறார்கள் என்பதில்லை. அது வரிசை.

ஏடு: வரிசை வேறு, அடுக்கு வேறு. நான் சொன்னதும் அதுதான். சூளையில் கல்லுக்குக் கல் விரற்கடை இடைவெளி என்றீர்களே, அங்கே நெருக்கம் எங்கே வந்தது?

சூளை: விரற்கடையை அளந்துவிட்டு வாருங்கள், பேசலாம்.