இரவில் விளக்கோடு பாறைக்கரைக்குப் போவதைத் தடை செய்ய வேண்டுமா?

சுயாக் கரையான்
தலையில் மின்விளக்கைக் கட்டிக்கொண்டு கும்பலாகக் கரைக்கு இறங்குவது மொரிஷியஸின் தென்கரையில் வழக்கமாகிவிட்டது. அமாவாசையை ஒட்டிக் கடல் வற்றும் இரவுகளில், அலை அடங்கிய இடமெல்லாம் விளக்குகள் நகர்கின்றன. நண்டு, சிங்கி இறால், சங்கு, ஊரித் என்று நாம் சொல்லும் எட்டுக்கைப் பேய்க்கணவாய், எது அகப்பட்டாலும் வாளிக்குள் போகிறது. வெளிச்சம் பட்டதும் நண்டு திகைத்து நிற்கிறது. அதைப் பிடிக்கத் திறமை எதற்கு?

மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். புரட்டிய கற்களைப் புரட்டியபடியே விட்டிருப்பார்கள். அடியில் ஒட்டியிருந்த ஆரஞ்சு நிறக் கடற்பஞ்சு வெயிலில் சுருங்கிக் கறுத்திருக்கும். நத்தை இட்ட முட்டைகள் விரல் பட்டால் பொடியாகும். கல்லைத் திருப்பி வைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? பொழுது சாய்ந்தபின் கரையில் எதையும் எடுக்கக் கூடாது என்று சட்டம் வர வேண்டும். இது என் கட்சி. மறுப்பவர்கள் பேசலாம்.

மாயேபூர் பெரியவர்
மறுக்கிறேன், தம்பி. வாளி தூக்கியவனையெல்லாம் திருடன் ஆக்கிவிட்டீர்கள். என் அப்பா பகலெல்லாம் கரும்புத் தோட்டத்தில் நின்றவர். தென்னோலைப் பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு இரவில்தான் கரைக்குப் போக முடிந்தது. பகலில் போ என்று சட்டம் போட்டால், பகல் யாருக்குச் சொந்தமோ அவர்களுக்குத்தான் கடலும் சொந்தம் என்று ஆகிவிடும்.

2020 ஜூலை 25 அன்று வகாஷியோ கப்பல் புவாந்த் தெஸ்னி அருகே பவளத்திட்டில் ஏறியது. ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெய் எங்கள் கடலில் கலந்தது. அதன்பின் எங்களைத்தான் மீன் பிடிக்காதே என்றார்கள். கடலைக் கெடுப்பவர்களின் பட்டியல் எழுதினால் என் அப்பாவின் பந்தம் கடைசி வரியில்கூட வராது.

ரோஸ்ஹில் ஆசிரியை
ஐயா, கப்பல் கெடுத்தது என்பதற்காக நாமும் கெடுக்கலாமா? தடையால் பயன் உண்டா என்று கேட்பவர்கள் நம் நாட்டின் இன்னொரு தீவான ரொட்ரிக்ஸைப் பார்க்கட்டும். 2012-இல் அங்கே இரண்டு மாதம் ஊரித் பிடிப்பதை நிறுத்தினார்கள். பவளத்திட்டில் இரும்புக்கம்பியோடு நடந்து பிழைத்த பெண்களுக்கு அந்த நாட்களில் வேறு வேலையும் கூலியும் கொடுத்தார்கள். திறந்தபோது கிடைத்த ஊரித் எடையில் பெரிதாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் 2016 முதல் நம் தீவிலும் ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை தடை. ஊரித் ஏறக்குறைய ஓராண்டுதான் வாழும், மளமளவென்று வளரும். தாய் முட்டையைக் காத்துக் கிடந்து, குஞ்சு வெளியேறியதும் செத்துவிடும். முட்டையிடும் முன் பிடித்துவிட்டால் அந்த வம்சமே போயிற்று.

நம்மவர்களுக்கு இதில் ஒரு வசதி. தடைக்காலத்தின் பின்பாதியில் புரட்டாசி வந்துவிடுகிறது. கோவிந்தன் விரதம் இருக்கும் வீட்டில் ஊரித்துக்கு அடுப்பில் இடமே இல்லை. விரதம் முடிந்த வாரம் சந்தையில் விலை என்ன ஆகிறது என்பதை மட்டும் கேட்காதீர்கள்.

எபேன் தூத்துக்குடிக்காரன்
நான் பிழைக்க வந்தவன், ஊர் அனுபவம் சொல்கிறேன். மன்னார் வளைகுடாவில் 2001 முதல் கடல் அட்டை எடுப்பது குற்றம். கடத்தல் நின்றதா? இருட்டுக்குள் போனது, அவ்வளவுதான். பிடிபடுவது கூலிக்கு முங்குபவன்; வாங்கி விற்பவன் வீட்டில் உறங்குகிறான். இங்கேயும் இரவைத் தடுத்தால் சோற்றுக்குப் போகும் குடும்பம் நிற்கும், வியாபாரத்துக்குப் போகும் கும்பல் விளக்கை அணைத்துவிட்டுப் போகும்.

வாக்வா செவிலி
நீங்கள் உயிரினத்தைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். நான் உங்கள் கால்களைப் பற்றிப் பேசுகிறேன். லாஃப் என்று இங்கே சொல்லும் நச்சுக் கல்மீன் கல்லோடு கல்லாகக் கிடக்கும், பகலிலேயே தெரியாது. மிதித்தால் முள் செருப்பைத் துளைக்கும். தாங்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் காலை வைத்தபடி மருத்துவமனைக்கு வாருங்கள். அந்த நஞ்சு சூட்டில் வலுவிழக்கும். அதைவிடப் பொல்லாதது கூம்புச் சங்கு. பகலில் மணலுக்குள் புதைந்திருக்கும், இரவில்தான் இரை தேடி வெளியே வரும். அழகாக இருக்கிறதே என்று எடுத்துச் சட்டைப்பையில் போடாதீர்கள். கொட்டினால் மூச்சே நின்றுபோகலாம், மாற்று மருந்தும் கிடையாது. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சுயாக் கரையான்
தூத்துக்குடி அண்ணா, கள்ளக் கடத்தல் நடக்கிறது என்பதால் சட்டமே வேண்டாமா? பெரியவரே, உங்கள் அப்பாவின் ஓலைப் பந்தம் எவ்வளவு நேரம் எரிந்திருக்கும்? இன்றைய விளக்கு விடியும்வரை எரிகிறது, பாறைக் குழியில் தேங்கிய நீரின் அடி வரை பாய்கிறது.

ஆசிரியை அக்கா ஒன்றை விட்டுவிட்டார். பகலில் வேட்டையாடும் பெரிய ஊரித் இரவில் பொந்துக்குள் அடங்கிவிடும். இரவில் ஊர்ந்து வருவது நீண்ட கைகளும், செங்கல் நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளும் கொண்ட வேறு இனம். பகல் ஊரித்தை வைத்துப் போட்ட இரண்டு மாதக் கணக்கு இதற்கும் பொருந்தும் என்று யார் சொன்னது?

மாயேபூர் பெரியவர்
பந்தம் சீக்கிரம் எரிந்துவிடும், உண்மைதான். கல்லைத் திருப்பி வைக்காதவனுக்கு நானும் பரிந்து பேச வரவில்லை. எங்கள் வீட்டில் கல்லைப் புரட்டவே மாட்டோம். பொந்தின் வாயில் நண்டின் ஓடுகளும் சிப்பிகளும் குவிந்து கிடந்தால் உள்ளே ஊரித் இருக்கிறது, கம்பியை விட்டால் போதும்.

ஆனால் இரவின் மேல் கை வைக்காதீர்கள், விற்பனையின் மேல் வையுங்கள். தடைக்காலத்தில் ஊரித்தை விற்பதும் குற்றம் அல்லவா? கைவிளக்கில் பிடித்த எதையும் ஆண்டு முழுவதும் விற்கக் கூடாது என்று போடுங்கள். ஒரு குடும்பம் ஓர் இரவில் தின்கிற அளவு என்று வரம்பு கட்டுங்கள். சிற்றுண்டிச்சாலைக்காரன் வாங்காவிட்டால் பாதி விளக்கு தானாக அணையும்.

ரோஸ்ஹில் ஆசிரியை
நல்ல யோசனை, ஐயா, ஆனால் நடக்காது. சட்டியில் வெந்துகொண்டிருக்கும் நண்டு பகலில் பிடித்ததா, இரவில் பிடித்ததா என்று எந்த அதிகாரி கண்டுபிடிப்பார்? கரையில் விளக்கு தெரிகிறதா இல்லையா என்று பார்க்க ஒரு காவலர் போதும். நான் தம்பி பக்கம்.

மாயேபூர் பெரியவர்
காவலர் ஒருவர் போதும் என்கிறீர்கள், அம்மா. எங்கள் கரையில் அந்த ஒருவரையே நான் பார்த்ததில்லை. முதலில் அவரை அனுப்புங்கள், பிறகு சட்டம் எழுதலாம்.