பூண்டு, மஞ்சள் கலந்த தீவனம் மீன் நோயைத் தடுக்குமா?

குளத்துமேட்டான்:
மன்னார்குடி பக்கம் ஒரு ஏக்கர் குளம், கட்லா, ரோகு, மிர்கால். போன மார்கழியில் உடம்பெல்லாம் சிவப்புப் புண் வந்து பாதி மீன் செத்துப்போனது. இந்த வருஷம் ஐப்பசியிலிருந்தே தவிடு, கடலைப் புண்ணாக்கோடு பூண்டு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்துப் பிசைந்து உருண்டையாக வைத்தேன். மார்கழி முழுக்க ஒரு மீனிலும் புண் இல்லை. மூலிகையெல்லாம் சும்மா என்பவர்கள் வந்து பார்க்கட்டும்.

செவுள்:
அண்ணே, இந்த வருஷம் சுண்ணாம்பு போட்டீர்களா? குஞ்சு எத்தனை விட்டீர்கள்?

குளத்துமேட்டான்:
போட்டேன், ஐப்பசியிலேயே. குஞ்சு போன வருஷம் 5,000, இந்த வருஷம் 3,000. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் தம்பி?

செவுள்:
தம்பி இல்லை அண்ணே, தங்கச்சி. மீன்வளம் படிக்கிறேன். ஒரே வருஷத்தில் மூன்றை மாற்றிவிட்டு நல்ல பெயரைப் பூண்டுக்கு மட்டும் கொடுக்கிறீர்களே! நீங்கள் சொல்வது குளிர்காலப் புண் நோய் மாதிரிதான் இருக்கிறது. அதற்குக் காரணம் அஃபனோமைசிஸ் என்ற பூஞ்சை போன்ற கிருமி, தண்ணீர் குளிர்ந்து மீனின் எதிர்ப்புச் சக்தி மந்தமாகும்போது உள்ளே நுழையும், அந்தப் புண் வழியாக ஏரோமோனாஸ் பாக்டீரியாவும் பின்னாலேயே வரும். ஏரோமோனாஸ் எந்தக் குளத்துத் தண்ணீரிலும் இருப்பதுதான், நெரிசலும் விடியற்காலை ஆக்சிஜன் குறைவும் சேரும்போதுதான் மீனைக் கொல்லும். சுண்ணாம்பும் 2,000 குஞ்சு குறைந்ததும் செய்த வேலையை யார் கணக்கில் எழுதுவது?

நாகை இறால்:
அப்போ ஆன்டிபயாடிக் போடச் சொல்கிறீர்களா? குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் எல்லாம் தடை, சரக்கில் துளி தெரிந்தாலும் ஐரோப்பாவிலிருந்து திரும்பி வந்துவிடும். பூண்டு போட்டால் அந்தப் பயமாவது இல்லை.

செவுள்:
ஆன்டிபயாடிக் போடச் சொல்லவே இல்லையே. பூண்டு வீண் என்றும் சொல்லவில்லை. ரோகு குஞ்சுகளுக்குக் கிலோ தீவனத்துக்கு 1, 5, 10 கிராம் என்று பூண்டு கலந்து 60 நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வே இருக்கிறது, ஏரோமோனாஸை ஊசியில் ஏற்றியபோது பூண்டு தின்ற மீன்கள்தான் கூடுதலாகப் பிழைத்தன. ஆனால் அது தொட்டியில், அளந்து கொடுத்த பொடி. உங்கள் உருண்டை தண்ணீரில் கரைகிறதே, மீன் வயிற்றுக்குப் போனது எவ்வளவு? கீழாநெல்லி ஒவ்வொரு நிலத்திலும் ஒரே வீரியத்தில் இருக்குமா? அப்புறம், அதிகம் போட்டால் அதிக பலன் என்று நினைத்து மாதக்கணக்கில் தொடர்ந்து கொடுத்தால் தூண்டப்பட்ட எதிர்ப்புச் சக்தியே சோர்ந்து போகலாம். இடைவெளி விட்டுக் கொடுங்கள். வேப்பிலையை மட்டும் இஷ்டத்துக்குக் கொட்டிவிடாதீர்கள், அளவு மீறினால் மீனுக்கே விஷம்.

நாகை இறால்:
வேப்பிலை விஷயம் உண்மை. பக்கத்துக் குளத்தில் ஒருத்தர் கட்டுக்கட்டாகப் போட்டு மீன் மேலே மிதந்ததை நானே பார்த்தேன்.

குளத்துமேட்டான்:
சரி, என்னதான் செய்ய வேண்டும்?

செவுள்:
அடுத்த வருஷம் குளத்தின் நடுவே வலை கட்டி இரண்டாகப் பிரியுங்கள். குஞ்சு, சுண்ணாம்பு, தீவனம் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றே, பூண்டு மட்டும் ஒரு பக்கம்.

குளத்துமேட்டான்:
தங்கச்சி, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பூண்டு வைக்காத பக்கத்தில் புண் வந்தால் அந்த நஷ்டம் உன் படிப்பில் ஒரு வரி, எனக்குப் பொங்கல் செலவு. இரண்டு பக்கமும் பூண்டுதான் வைப்பேன். சுண்ணாம்பும் போடுவேன், குஞ்சும் 3,000-க்கு மேல் விடமாட்டேன், அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

செவுள்:
அப்படியானால் எது காப்பாற்றியது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது அண்ணே.

குளத்துமேட்டான்:
மீனுக்குத் தெரிந்தால் போதும்.