மோதியபின் வண்டிகள் எந்தத் திசையில் செல்லும்?

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன்):
வணக்கம். பள்ளியில் நேர்கோட்டு மோதல்களை மட்டுமே படித்த நான், பல்கலைக்கழக முதலாண்டில் இக்கணக்கில் தடுமாறுகிறேன். கிழக்கே 15 மீ/வி வேகத்தில் வரும் 1000 கிலோ காரும், வடக்கே 10 மீ/வி வேகத்தில் வரும் 1500 கிலோ வேனும் மோதி ஒட்டிக்கொள்கின்றன. உந்தங்களைக் (நிறை × திசைவேகம்) கூட்டி, மொத்த நிறையான 2500ஆல் வகுத்து, 12 மீ/வி என்றேன், தவறு என்கிறார்கள்.

மறுமொழி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
தம்பி, உந்தம் திசையுள்ள அளவு என்பதால், செங்குத்தான இரண்டை வெறும் எண்களாகக் கூட்டலாகாது. கிழக்குக்கு 15000, வடக்குக்கு 15000 எனத் தனித்தனியே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் 2500ஆல் வகுத்தால் இரு திசைகளிலும் 6 மீ/வி. பிதாகரஸ் தேற்றப்படி வேகம் ஏறத்தாழ 8.5 மீ/வி, திசை சரியாக வடகிழக்கு. தரையின் உராய்வை விட்டுவிடுவதற்குக் காரணம், மோதும் நேரம் மிகக் குறுகியது என்பதே. இதை விடைத்தாளில் எழுதத் தவறாதீர்கள். இயக்க ஆற்றலோ 1,87,500 ஜூலிலிருந்து 90,000 ஜூலாகக் குறைகிறது, ஏனெனில் மீதி தகடுகளை நசுக்குவதிலும் வெப்பத்திலும் செலவாகிறது.

மறுமொழி (டர்பன்):
மீள்மோதலையும், அதாவது மொத்த இயக்க ஆற்றல் குறையாத மோதலையும், பாருங்கள். அசையாத கேரம் காயை அதே நிறையுள்ள மற்றொரு காய் ஓரமாகத் தாக்கினால், ஆற்றல் இழப்பு இல்லாதவரை, இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகவே பிரியும்.