புறா புறாவோடுதான்: முகமது அலியின் இந்தப் பக்கத்தை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

அண்ணாநகர்வாசி (திரி தொடங்கியவர்)

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்தது இது. சித்தப்பா மகள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டாள். இரண்டு நாள் குழுவில் ஈ காக்கை இல்லை. மூன்றாம் நாள் பெரியப்பா ஒரு வீடியோவைப் போட்டார். 1971, பிபிசி. மைக்கேல் பார்க்கின்சன் கேள்வி கேட்க, எதிரே குத்துச்சண்டை வீரர் அலி உட்கார்ந்திருக்கிறார். நீலப்பறவை நீலப்பறவையோடு பறக்கிறது, புறா புறாவோடு, கழுகு கழுகோடு, மனிதனும் தன் இனத்தோடு இருப்பதுதானே இயற்கை என்கிறார். தன் பிள்ளைகள் தன்னைப் போலவே இருக்க வேண்டாமா என்று வேறு கேட்கிறார். அரங்கில் சிரிப்பு. கீழே பெரியப்பா எழுதியிருந்தார்: "உலக சாம்பியனே சொல்லிட்டான். இதுக்கு மேல யார் சொல்லணும்?"

என் அறைச் சுவரில் இருபது வருடமாக அலி இருக்கிறார். 1965இல் எதிராளி லிஸ்டன் மல்லாந்து கிடக்க, கையை மடக்கிக்கொண்டு மேலே நின்று கத்துவாரே, அந்தப் படம். வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று 1967இல் பட்டத்தையும் உரிமத்தையும் பறிகொடுத்து, மூன்றரை வருடம் களத்துக்கு வெளியே நின்ற மனிதர். அந்தக் கதையைக் கல்லூரியில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! புறாக் கதை எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். முன்பே கேட்டிருக்கிறேன், காதில் விழாத மாதிரி கடந்து போயிருக்கிறேன். பெரியப்பா வாயில் வந்தபிறகுதான் உறைத்தது. எங்கள் ஊர் சங்கக் கூட்டத்தில் பேசுவதும் கிட்டத்தட்ட இதேதான், பறவைதான் வேறு.

நீங்களும் இந்த அலியை எங்காவது எதிர்கொண்டிருப்பீர்கள். எழுதுங்கள். நல்லவரா கெட்டவரா என்று பட்டிமன்றம் வேண்டாம், அதற்குப் பொங்கலன்று டிவி இருக்கிறது.

பெரம்பூர்க்காரன்

தம்பி, நான் அவரைக் கண்ணால் பார்த்தவன். 1980, மெட்ராஸ் நேரு ஸ்டேடியம். எனக்கு அப்போது 14 வயது. அப்பா ரயில்வே பட்டறையில் வேலை, இளவட்டத்தில் குத்துச்சண்டைக்காரர். மூக்கு உடைந்து கோணலாக இருக்கும், அதையே பதக்கம் மாதிரி காட்டுவார்.

அலியோடு வந்தவர் ஜிம்மி எல்லிஸ். அவரும் அலியின் ஊரான லூயிவில்காரர், அவரும் ஒரு காலத்தில் சாம்பியன், அலிக்குச் சின்ன வயதுச் சிநேகிதர். காட்சிப் போட்டிதான், நிஜ அடி கிடையாது. எம்.ஜி.ஆர். வந்திருந்தார். கூட்டத்துக்கு யாரைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. எங்கள் இடம் ரொம்பப் பின்னால். அப்பா என்னைத் தோளில் தூக்க முயன்று முடியாமல் இறக்கிவிட்டார். எனக்கு ஞாபகம் இருப்பது அலி இல்லை, பக்கத்தில் ஒரு கிழவர் சொன்னது: "பார்றா, நம்ம கலரு!"

வடசென்னையில் அந்த ஆளைக் கும்பிடுவதற்கு அதுதான் காரணம் தம்பி. பயிற்சிக் கூடத்தில் அனுமார் படத்துக்குப் பக்கத்தில் அலி இருப்பார். அவர் இஸ்லாத்தின் தேசம் என்ற கறுப்பின இயக்கத்தில் இருந்ததோ, வெள்ளைக்காரனைப் பிசாசு என்று அந்த இயக்கம் சொல்லிக்கொடுத்ததோ எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கைதட்டல் கூடியிருக்குமே தவிர குறைந்திருக்காது, உண்மையைச் சொல்கிறேன்.

இன்னொன்று. அந்த இந்தியப் பயணத்தின் நடுவில்தான் அதிபர் கார்ட்டர் அவரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார், மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க ஆதரவு திரட்டச் சொல்லி. முதல் நாடு தான்சானியா. அதிபர் நைரேரே சந்திக்கவே மறுத்துவிட்டார். 1976இல் தென்னாப்பிரிக்க நிறவெறி விஷயத்துக்காக நாங்கள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தோமே, அப்போது உங்கள் அமெரிக்கா எங்கே போயிருந்தது என்று நிருபர்கள் பிடித்துக்கொண்டார்கள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று அத்தனை பேர் முன்னாலும் ஒத்துக்கொண்டார் அலி. யாராவது ஒரு கதையைக் கையில் கொடுத்து அனுப்பினால் அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடுகிற ஆள், கார்ட்டர் கொடுத்தாலும் சரி, அந்த இயக்கத் தலைவர் எலைஜா முகமது கொடுத்தாலும் சரி. எனக்கு அவரைப் பற்றிப் புரிந்தது இவ்வளவுதான்.

கிள்ளான் பையன்

எங்கள் ஊருக்கும் வந்தார். 1975 ஜூலை 1, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம், ஜோ பக்னரோடு 15 சுற்று. அப்பா தோட்டத்திலிருந்து நண்பர்களோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சாகும்வரை அதைச் சொன்னார்.

ஆனால் நான் அலியைச் சந்தித்தது அதற்கு மூன்று மாதம் கழித்து. அக்டோபர் 1, மணிலா, ஜோ பிரேசியரோடு மூன்றாவது சண்டை. அதற்கு முன் அலி ஒரு ரப்பர் கொரில்லா பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, இதுதான் பிரேசியர் என்று பத்திரிகைக்காரர்கள் முன்னால் குத்திக் குத்திக் காட்டினார். மணிலாவோடு எதுகை சேர்த்து ஒரு பாட்டும் கட்டினார். எங்கள் பள்ளியில் எல்லாருக்கும் அது மனப்பாடம். வகுப்பில் நான்தான் அட்டைக் கறுப்பு. அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த வருடம் முழுக்க எனக்குப் பெயர் கொரில்லா. கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் நம் பிள்ளைகள். வீட்டில் வந்து அழுதால் அப்பா, "அலி வெளாட்டுக்குச் சொன்னதுடா" என்பார். எனக்கு ஆறுதல் சொல்கிறாரா, அலிக்கு வக்காலத்து வாங்குகிறாரா என்று புரியாது.

பிரேசியர் யார் என்று பிறகு தேடிப் படித்தேன். தென் கரோலைனாவில் பியூஃபர்ட் பக்கம் கூலி விவசாயக் குடும்பம், பன்னிரண்டாவது பிள்ளை. பிலடெல்பியாவில் இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். அலியின் தகப்பனார் விளம்பரப் பலகை எழுதுகிறவர், பிள்ளைகள் வளர்ந்தது சொந்த வீட்டில். அலி தடையில் கிடந்தபோது அவருக்கு உரிமம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று பேசியவர்களில் பிரேசியரும் ஒருவர், பண உதவியும் செய்திருக்கிறார். அப்படிப்பட்டவரைத்தான் 1971 சண்டைக்கு முன்னால் வெள்ளைக்காரனின் அடிமை என்றும் அசிங்கம் என்றும் அலி ஊரறியச் சொன்னார். பிரேசியரின் பிள்ளைகளையும் பள்ளியில் அதே பேச்சை வைத்துக் கேலி செய்திருக்கிறார்கள். அதைப் படித்த அன்று எனக்கு வயது நாற்பதுக்கு மேல். ஆனாலும் கூடவே யாரோ உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

ரிங் ஓரம்

கிள்ளான் நண்பரே, அது டிக்கெட் விற்கப் பேசிய பேச்சு. 1971 சண்டைக்கு இரண்டு பேருக்கும் ஆளுக்கு 25 லட்சம் டாலர். பிரேசியருக்கும் அதில்தானே சோறு? 2001இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையிடம் அலி வருத்தமும் தெரிவித்துவிட்டார், சண்டையை விற்கச் சொன்னது என்றும் சொன்னார்.

கிள்ளான் பையன்

பத்திரிகையிடம் தெரிவித்தார். பிரேசியர் வீட்டுக்கு எத்தனை மைல்?

1996 அட்லாண்டாவில் கை நடுங்க நடுங்க அலி ஒலிம்பிக் தீபம் ஏற்றினாரே, உலகமே அழுதது. நான் அங்கே இருந்தால் அவரைத் தீயில் தள்ளியிருப்பேன் என்கிற மாதிரி பிரேசியர் சொன்னார். ஊரே அவரைக் காறித் துப்பியது. எனக்கு மட்டும் அந்தக் கோபம் புரிந்தது. டிக்கெட் விற்க அலிக்கு ஆயிரம் வார்த்தை இருந்தது. கறுப்பனைக் குரங்கு என்பது அவர் கண்டுபிடித்த வார்த்தை இல்லை, வெள்ளைக்காரன் அவர் தாத்தா காலத்திலிருந்து சொல்லிவந்தது. அதைத்தான் பொறுக்கி எடுத்தார், அதுவும் தன்னைவிடக் கறுத்தவன் மேல் எறிய. 2011இல் பிரேசியர் இறந்தபோது அலி தள்ளாடியபடி இறுதிச் சடங்குக்குப் போனார். அதற்கு மரியாதை உண்டு. அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள்.

லூயிவில் மருமகள்

நான் அலி பிறந்த ஊரில் வாழ்கிறேன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். கணவர் கறுப்பின அமெரிக்கர். ஆகவே புறாக் கதை எனக்கு வீடியோவில் வந்ததில்லை, நேராக வீட்டுக்கே வந்தது.

2016 ஜூன் 10, அலியின் இறுதி ஊர்வலம். அவர் வளர்ந்த கிராண்ட் அவென்யூ வழியாகக் கார்கள் போயின. மாமியார் தோட்டத்துப் பூவெல்லாம் பறித்து ஒரு பிளாஸ்டிக் பையில் எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட்டார். சவக்கார் மேல் பூ விழுந்துகொண்டே இருந்தது, ஓட்டுநருக்குக் கண்ணாடி தெரிந்ததா என்றே தெரியவில்லை. நம் ஊர் சாவு மாதிரி இருந்தது எனக்கு. "அலி! அலி!" என்று கத்திக் கத்தி மாமியாருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அன்று ராத்திரி சமையலறையில் கேட்டேன். அம்மா, உங்க அலி நம்ம மாதிரிக் கல்யாணம் கூடாதுன்னு சொன்னவராச்சே?

அவர் ரொம்ப நேரம் தட்டு கழுவினார். பிறகு சொன்னார். கென்டக்கியில் வெள்ளையும் கறுப்பும் மணந்தால் 1967 வரைக்கும் சட்டப்படி குற்றம். அந்த வருடம் ஜூன் 12 அன்றுதான் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டத்தை அடித்தது. அப்போதும் 16 மாநிலத்தில் அது உயிரோடு இருந்தது. (எட்டே நாள் கழித்து, ஜூன் 20 அன்று, போருக்குப் போக மறுத்ததற்காக அலிக்கு ஐந்து வருடச் சிறைத் தண்டனை விதித்தார்கள். இந்தத் தேதிக் கணக்கு நான் பிறகு பார்த்தது.) 1955இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுப் பையனை, ஒரு வெள்ளைக்காரியிடம் வம்பு செய்தான் என்று சொல்லி அடித்துக் கொன்றார்கள். சிதைந்த அந்த முகத்தைப் பத்திரிகையில் பார்த்தபோது அலிக்கு 13 வயது. "எங்க வீட்ல அண்ணன் தம்பிக்கெல்லாம் அம்மா சொல்லிக் குடுத்த முதல் பாடமே, அந்தப் பெண்கள் பக்கம் கண்ணால கூடப் பார்க்காதேங்கறதுதான். அந்தப் பயத்தையே திருப்பிப் போட்டு, எங்களுக்கு உங்க பெண்ணும் வேண்டாம், உங்க வீட்டு வாசலும் வேண்டாம்னு ஒருத்தன் டிவியில நெஞ்சை நிமிர்த்திச் சொன்னப்போ, எங்களுக்கு அது கட்டுப்பாடா படல. கௌரவமா பட்டுது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரத்தைத் துடைத்து அடுக்கினேன்.

அப்புறம் அவரே, "ஆனா நீ வந்தப்போ நான் என்ன சொன்னேன்னு உனக்குத் தெரியாது" என்றார். மகன் என்னைப் பற்றி முதலில் சொன்ன அன்று, பறவை, இனம், பிள்ளைகள் என்று இதே பாட்டை அவரும் பாடியிருக்கிறார். "அலி பேசினதை மறந்தே போயிட்டேன்னு நெனச்சேன். எங்கேயோ உள்ளே இருந்திருக்கு."

திண்டுக்கல்லில் என் அம்மா பாடியதும் அதேதான். இரண்டு சம்பந்தியும் ஒரே கட்சி என்பது அன்றுதான் தெரிந்தது.

ரிங் ஓரம்

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், நானே அலி பக்தன்தான் என்றாலும். வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் கூட்டத்தில் போய்ப் பேசியதாக அலியே 1975இல் ஒரு பேட்டியில் சொன்னார். கலப்பு மணம் கூடாது என்பதில் அவர்களும் நாங்களும் ஒன்று என்கிற தோரணையில். மருமகள் சொன்ன கௌரவத்தை அதில் தேடிப் பார்த்தேன். எனக்குக் கிடைக்கவில்லை.

அண்ணாநகர்வாசி

எல்லாருக்கும் நன்றி. லூயிவில் சகோதரியின் பதிவை மூன்று தடவை படித்தேன். கென்டக்கியில் அலி தன் இனத்தோடு இரு என்று சொன்னபோது எதிர்த்தரப்பின் கையில் தூக்குக் கயிறு இருந்தது. எங்கள் பெரியப்பா அதையே சொல்லும்போது கயிறு அவர் பக்கம் இருக்கிறது. வாக்கியம் ஒன்றுதான். அதற்காக அலி சொன்னது சரி என்று ஆகிவிடாது. கிளான் கூட்டத்தில் அந்த வாக்கியத்துக்கு எந்தச் சிக்கலும் வரவில்லையே, அங்கேயே அதன் லட்சணம் தெரிந்துவிட்டது. கிள்ளான் நண்பரின் கணக்கு மட்டும் எனக்கு எந்தப் பக்கத்திலும் தீரவில்லை.

நான் குழுவில் என்ன எழுதினேன் என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். விளக்கவுரை எதுவும் எழுதவில்லை. இரண்டு சேதி போட்டேன். ஒன்று, 2009இல் அலி அயர்லாந்தில் எனிஸ் என்ற சின்ன ஊருக்குப் போனது. அவருடைய அம்மாவின் தாத்தா ஏப் கிரேடி அங்கிருந்து கென்டக்கிக்கு வந்து, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஒரு பெண்ணை மணந்தவர். புறாவுக்கும் கழுகுக்கும் பிறந்த வம்சம்தான் அலி. இரண்டு, அவருடைய மகள் ஒருவர் யூதரை மணந்தார். அந்தப் பேரனுக்கு 2012இல் பையன் பெரியவனானதைக் கொண்டாடும் பார் மிட்ஸ்வா சடங்கு யூத முறைப்படி நடந்தபோது, பேச்சு போய், நடை தளர்ந்துபோன தாத்தா அலி ஜெப ஆலயத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. மறுநாள் காலை ஆறு மணிக்குப் பெரியப்பாவிடமிருந்து வழக்கம்போல ரோஜாப்பூ, இனிய காலை வணக்கம். அதற்கு முதல் ஆளாக இதயம் போட்டவள் சித்தப்பா மகள். கல்யாணம் தை மாதம். பெரியப்பாவுக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைக்க வேண்டும். யார் போவது என்று இன்னும் முடிவாகவில்லை.

பெரம்பூர்க்காரன்

நீயே போ தம்பி. சுவரில் இருக்கும் படத்தைக் கழற்றிவிட்டாயா, இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே.

அண்ணாநகர்வாசி

இல்லை அண்ணே. லிஸ்டனும் அந்தப் படத்தில்தானே இருக்கிறார். இப்போதெல்லாம் கீழே கிடக்கிற அவரையும் கொஞ்ச நேரம் பார்க்கிறேன்.